பேட்டரி செல்லுக்கு நிதியாண்டு கிடையாது: அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவினர், மஹா-இ.வி. இயக்கத்தின் கருத்துருக்களை மதிப்பிடும் வல்லுநர்கள், நிதி விடுவிக்கும் அலுவலர்கள்.

வணக்கம்.

மின்வாகனத்துக்காக இந்திய அரசு ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கு இதுவரை வாங்குபவருக்கும் தயாரிப்பவருக்கும்தான் போயிருக்கிறது. 2015-இல் மின்வாகனம் வாங்குவோருக்கு மானியம் தரும் ஃபேம் திட்டம் வந்தது. 2019-இல் ஃபேம்-2 10,000 கோடி ரூபாயில் தொடங்கி 11,500 கோடியாக உயர்ந்தது. செல் உற்பத்திக்கு 18,100 கோடி ஊக்கத்தொகை 2021-இல் ஒப்புதல் பெற்றது. 2024 அக்டோபரில் அடுத்த மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவ் 10,900 கோடியில் நடைமுறைக்கு வந்தது. ஆராய்ச்சிக்கென்றே உங்கள் அறக்கட்டளை மஹா-இ.வி. இயக்கத்தை அறிவித்து, வெப்பமண்டலத்துக்கேற்ற பேட்டரி, மோட்டாரும் பவர் எலக்ட்ரானிக்ஸும், மின்னேற்றக் கட்டமைப்பு என மூன்று பிரிவுகளை எடுத்துக்கொண்டபோது, இந்தத் துறையில் வேலை செய்யும் எல்லோரும் மகிழ்ந்தோம். தேர்வு சரியானது. அதிலும் "வெப்பமண்டல பேட்டரி" என்று பெயர் சொல்லிப் பணம் வைத்தது மிகச் சரி. நம் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டருக்கான செல்லை நமக்காக வேறு யாரும் ஆராயப் போவதில்லை.

இந்த மடலில் நாங்கள் கேட்பது கூடுதல் கோடிகளை அல்ல. பணம் வந்து சேரும் விதமும், அதை எதற்குச் செலவிடலாம் என்ற விதியும், கணக்கு கேட்கும் நாளும் பேட்டரியின் இயல்போடு பொருந்த வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அவை பொருந்தாத இடங்களை எண்களோடு சொல்கிறோம்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு செல்லை இரண்டு மணி நேரத்தில் ஏற்றி, இரண்டு மணி நேரத்தில் இறக்கி, நடுவில் ஓய்வும் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு ஐந்து மணி நேரம். ஆயிரம் சுற்றுக்கு 5,000 மணி, அதாவது 208 நாள். ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை மெதுவாக ஏற்றி இறக்கிக் கொள்ளளவையும் உள்மின்தடையையும் அளக்க வேண்டும். அதையும் சேர்த்தால் எட்டு மாதம். இதை வேகப்படுத்த வழியில்லையா என்று மதிப்பீட்டுக் கூட்டங்களில் கேட்பதுண்டு. 60 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் செல் சீக்கிரம் கெடும், உண்மைதான். ஆனால் 40 டிகிரியில் கெடும் காரணமும் 60 டிகிரியில் கெடும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 40-இல் எதிர்முனைக் கிராஃபைட்டின் மேல் இருக்கும், எஸ்.இ.ஐ. எனப்படும் மெல்லிய காப்புப் படலம் மெல்லத் தடித்து லித்தியத்தைத் தின்னும். அதற்கு மேலே போகப் போக, செல்லுக்குள் இருக்கும் திரவமான மின்பகுளியிலுள்ள லித்தியம் உப்பு, எஞ்சிய ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடாகும். அந்த அமிலம் நேர்முனையின் மாங்கனீஸைக் கரைக்கும். கரைந்த மாங்கனீஸ் எதிர்முனையில் போய்ப் படிந்து எஸ்.இ.ஐ. படலத்தைக் குலைக்கும். மேல் வெப்பத்தில் கிடைத்த எண்ணை வைத்துக் கீழ் வெப்பத்தின் ஆயுளைக் கணித்தால் தவறான விடைதான் வரும். எனவே எட்டு மாதம் எட்டு மாதம்தான்.

மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை இதோடு பொருத்திப் பாருங்கள். விவரக்குறிப்புக் குழு, டெண்டர், ஆர்டர், இறக்குமதி, சுங்கம், நிறுவுதல் என்று கருவி வந்து ஓடுவதற்குள் பத்துப் பன்னிரண்டு மாதம். பூச்சும் அழுத்தமும் சீராகி, ஒன்றுபோல் ஒன்று நடந்துகொள்ளும் செல்கள் வர ஆறு மாதம். முதல் ஆயுள் சோதனைக்கு எட்டு மாதம். பழுதான செல்லை ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் திறந்து, எது கெட்டது என்று பார்க்க இரண்டு மாதம். மீதி எட்டு மாதத்தில் பாடத்தைத் திருத்தி அடுத்த தலைமுறைச் செல்லைச் செய்தாலும் அதைச் சோதித்து முடிக்க நாள் போதாது. ஆக, மூன்றாண்டில் நாடு பெறுவது ஒரே ஒரு தலைமுறைச் செல். முதல் தலைமுறைச் செல்லில் எதுவும் சரியாக வந்ததாக வரலாறு இல்லை. இரண்டாவதில் பிழை புரியும், மூன்றாவதில்தான் சரக்கு கிடைக்கும். பேட்டரிப் பிரிவுக்கு மட்டுமாவது திட்ட காலத்தை ஐந்தாண்டாக்கி, இருபதாம் மாதத்தில் ஒரு கடுமையான இடைமதிப்பீட்டை வையுங்கள். தேறாத திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேறியதை நடுவில் வெட்டாதீர்கள்.

அடுத்தது கருவிகளின் எண்ணிக்கை. வெப்பமண்டல ஆயுள் என்று சொல்ல 25, 35, 45, 55 டிகிரி என நான்கு வெப்பநிலையாவது வேண்டும். மின்னேற்ற வேகம் மூன்று. ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று செல், ஏனென்றால் ஒரே செல்லில் கிடைத்த எண் அந்தச் செல்லின் குறையா, வேதியலின் குறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான்கு, மூன்று, மூன்று பெருக்கினால் 36 சேனல், அதாவது ஒவ்வொரு செல்லையும் தனியாக ஏற்றி இறக்கும் 36 இணைப்புகள். 5 ஆம்பியர்-மணி கொண்ட 21700 வகை உருளைச் செல்லை அரை மணியில் ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொரு சேனலும் 10 ஆம்பியர் தாங்க வேண்டும். கூடவே நான்கு வெப்ப அறைகள். வழக்கமாக ஒப்புதலாவது, செல்களை ஏற்றி இறக்கி அளக்கும் 16 சேனல் சைக்ளர் ஒன்றும் வெப்ப அறை ஒன்றும். அறை ஒன்றே என்றால் நான்கு வெப்பநிலையையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்ட வேண்டும். 208 நாளை நான்கால் பெருக்கினால் இரண்டேகால் ஆண்டு. சைக்ளருக்குப் பணம் கொடுத்துவிட்டு அறையைக் குறைப்பது, உழவு மாடு நான்கு வாங்கி ஏர் ஒன்று கொடுப்பது போல.

ஏமாற்றும் சிறு விஷயம் ஒன்றும் இதில் உண்டு. அறை 45 டிகிரி காட்டினாலும் வேகமாக ஏற்றப்படும் செல் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். செல்லின் மேற்பரப்பில் ஒட்டிய வெப்ப இணை என்னும் வெப்ப உணரியின் அளவைத் தராமல் அறையின் அளவை மட்டும் தரும் அறிக்கையை ஏற்காதீர்கள். இதைக் கருத்துருப் படிவத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கலாம், காசு செலவில்லை.

சைக்ளரை வாங்கும் முறையைப் பற்றி. ஒரு சுற்றில் ஏற்றிய மின்னூட்டத்தில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்பதே செல்லின் ஆயுளைச் சொல்லும் முதல் அறிகுறி. அது 99.90 சதவீதம் என்றால், ஓரளவு கணக்காக, ஆயிரம் சுற்றுக்குப் பின் 37 சதவீதம் லித்தியமே பயன்பாட்டில் எஞ்சும். 99.95 என்றால் 61 சதவீதம். பயனற்ற செல்லுக்கும் தேறக்கூடிய செல்லுக்கும் இடையிலான அந்த வித்தியாசம் நூற்றில் 0.05. முழு அளவில் 0.1 சதவீதப் பிழை கொண்ட சைக்ளருக்கு அந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. குறிப்பில் "துல்லியம் 0.1 சதவீதம்" என்று எழுதிவிட்டால் டெண்டரில் விலை குறைந்தவர் வெல்வார், விதிப்படி அதில் பிழையில்லை. பிழை குறிப்பில் இருக்கிறது. 0.02 சதவீதம், ஒன்றுக்கு மேற்பட்ட மின்னோட்ட வரம்புகள், நிறுவும்போது எட்டு சேனல்களில் ஒரே தொகுதிச் செல்களை ஒரு வாரம் ஓட்டிக் காட்டுதல், ஆண்டுக்கொரு அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தம், இந்த நான்கையும் கொண்ட மாதிரி விவரக்குறிப்பை அறக்கட்டளையே வெளியிட்டால் நாடு முழுக்க எல்லா ஆய்வுக்கூடமும் அதைப் பயன்படுத்தும். 2025 ஜூனில் ஆராய்ச்சிக் கொள்முதல் விதிகள் தளர்ந்து, நேரடிக் கொள்முதல் 2 லட்சம் வரை உயர்ந்ததும், 200 கோடி வரையிலான உலக டெண்டருக்கு இயக்குநரும் துணைவேந்தருமே ஒப்புதல் தரலாம் என்றானதும் பெரிய உதவி. ஆனால் விதி தளர்ந்தாலும் குறிப்பு தவறாக இருந்தால் தவறான கருவியே சீக்கிரமாக வந்து சேரும்.

கருவியோடு சேர்ந்து வராத செலவுகள்தான் ஆய்வைக் கொல்கின்றன. மின்சாரம் போனால் சோதனை நிற்கும். செல் 55 டிகிரியில், முழுதும் ஏறிய நிலையில், யாரும் குறிக்காத எத்தனையோ மணி நேரம் காத்துக் கிடக்கும். முழு மின்னூட்டமும் வெப்பமும் சேர்ந்த அந்தக் காத்திருப்பே ஒரு வயதேற்றம்தான், தரவைக் கெடுத்துவிடும். ஜெனரேட்டர் எழும்வரை சைக்ளரையும் கணினியையும் தாங்கும் யு.பி.எஸ். வேண்டும். அறைக்குள் செல் வெடித்துப் புகை கக்கினால் அதை வெளியேற்றும் குழாய், அழுத்தம் விடும் கதவு, வாயு உணரி வேண்டும். 2022-இல் 18 சதவீதமாக உயர்ந்த ஆய்வுக்கருவி வரியும் ஒப்புதல் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டியிருக்கிறது. அதனால் கருத்துருவில் எழுதிய கருவியைவிடச் சிறியதே வாங்கப்படுகிறது. வரி, யு.பி.எஸ்., பாதுகாப்பு, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைக் கருவி விலைக்கு வெளியே தனித் தலைப்பாகக் கொடுங்கள்.

உலர் அறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். செல்லில் மின்பகுளி நிரப்பும் அறையின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் வெளிக்காற்றின் ஈரத்தை அந்த அளவுக்கு இறக்க, சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் நாள் முழுக்கச் சுழல வேண்டும். அதை உலர்த்த நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றிய காற்று ஓயாமல் வேண்டும். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மனிதரின் மூச்சும் வியர்வையும் ஈரம்தான். எனவே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இந்த அறையின் மின்கட்டணத்தை நிறுவனத்தின் மேல்செலவில் பார்த்துக்கொள்ளச் சொன்னால், நிறுவனம் மாலை ஆறு மணிக்கு அதை நிறுத்திவிடும். காலையில் திரும்ப மைனஸ் 40-க்கு இறங்குவதற்குள் பாதி நாள் போய்விடும், அவசரத்தில் நிரப்பிய செல்லில் ஈரம் தங்கிவிடும். மேலே சொன்ன அமிலம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் உலர் அறை வேண்டாம். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் போல ஏற்கெனவே செல் செய்த அனுபவமுள்ள சில இடங்களைப் பொதுச் செல் கூடங்களாக்கி, அவற்றின் மின்சாரத்துக்கும் இயக்குநர்களின் சம்பளத்துக்கும் நேரடியாகப் பணம் கொடுத்து, மற்றவர்கள் வாரக் கணக்கில் நேரம் ஒதுக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். இயக்குநர் என்று இங்கே சொல்வது பூச்சு இயந்திரத்தை ஓட்டும் தொழில்நுட்பரை. ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் பூச்சின் தடிமனைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய கைத்தேர்ந்த ஆளை ஐந்தாண்டு வைத்துக்கொள்ள எந்தத் தலைப்பும் இல்லை. மாணவர் பட்டம் பெற்றுப் போவார், கைப்பக்குவமும் அவரோடு போய்விடும்.

பொடியின் அளவும் ஒரு பெரிய இடைவெளி. நாணய வடிவச் செல்லுக்குச் சில பத்து மில்லிகிராம் நேர்முனைப் பொடி போதும். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் அதிலிருந்து வருகின்றன. அதில் எதிர்முனையாக இருப்பது தேவைக்கு மேல் லித்திய உலோகம், மின்பகுளியும் தாராளமாக ஊற்றப்பட்டிருக்கும். அதனால் லித்தியம் குறைவதோ மின்பகுளி வறள்வதோ அங்கே தெரியவே தெரியாது. உண்மையான 18650 வகை உருளைச் செல் ஒன்றுக்கு எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்) பொடி பத்து கிராம் வேண்டும். ஆயிரம் செல் செய்து பேட்டரியாகக் கட்டிப் பார்க்கப் பத்து கிலோ. ஆய்வுக்கூட உலையில் ஒரு தடவைக்குக் கிடைப்பது நூறு கிராம் என்றால் நூறு தடவை செய்ய வேண்டும், நூறும் ஒன்றுபோல் இராது. 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்க நிதி, தொழில்நுட்பத் தயார்நிலையில் (ஆய்வுக்கூடக் கருத்திலிருந்து சந்தைப் பொருள்வரை அளக்கும் படிவரிசையில்) 4-ஆம் படியும் அதற்கு மேலும் இருப்பவற்றுக்குக் கடன் தருகிறது. கட்டுரை 3-ஆம் படியில் நிற்கிறது. கிராமிலிருந்து கிலோவுக்குப் போகும் அந்த ஒரு படிக்கு மானியம் வேண்டும், அதுவும் பல்கலைக்கழகத்துக்கும் பொடி செய்யும் சிறு வேதித் தொழிலகத்துக்கும் சேர்த்து. கடன் இங்கே உதவாது. விற்கப் பொருளில்லாதவர் கடனை எதிலிருந்து அடைப்பார்?

மோட்டாருக்கு வருவோம். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா, மோட்டார்க் காந்தத்தில் சேரும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், அருமண் இல்லாத மோட்டார் என்ற சொல் எல்லாக் கருத்துருவிலும் வருகிறது. அரசும் அதே ஆண்டு நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்தித் திறனுக்காக 7,280 கோடி ஒதுக்கியது. ஆனால் மணவாளக்குறிச்சி போன்ற நம் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் நியோடைமியம் உண்டு, டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் காப்பது அந்த டிஸ்ப்ரோசியம்தான். எனவே டிஸ்ப்ரோசியத்தைக் காந்தம் முழுக்கக் கலக்காமல் அதன் நுண்படிக மணிகளின் எல்லையில் மட்டும் ஊடுருவச் செய்யும் முறைக்குத் தனி அழைப்பு விடுங்கள்.

அருமண் இல்லாத ஃபெரைட் காந்தத்தின் எஞ்சுபுலம், அதாவது அதில் நிலைத்திருக்கும் காந்தப்புலம், 0.4 டெஸ்லா அளவு. நியோடைமியம் காந்தத்துக்கு 1.2-க்கு மேல். அதே முறுக்குவிசைக்கு ஃபெரைட் மோட்டார் பெரிதாகும், கனமாகும், ரோட்டர் வடிவமைப்பு நுட்பமாகும். நியோடைமியம் சூட்டில் காந்தமிழக்கும், ஃபெரைட்டோ குளிரில்தான் எளிதில் இழக்கும். நம் வெயிலுக்கு அது நல்ல செய்தி, லடாக்கில் ஓடும் வண்டிக்கு அல்ல. காந்தமே இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டாரில் காற்றிடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பேரிங் தேய்ந்தால் சத்தமும் அதிர்வும் எழும். இவை எல்லாம் கணினியில் தெரியாது, செய்து பார்த்தால்தான் தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முன்மாதிரியின் மின் எஃகுத் தகடுகளை லேசரில் வெட்டினால் வெட்டிய ஓரம் சூட்டில் கெட்டு இரும்பிழப்பு கூடும். அளந்த திறன் கணக்கைவிடக் குறைவாக வரும், வடிவமைப்பே தவறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். வெட்டியபின் தகட்டை உலையிட்டு அழுத்தத்தை நீக்கினால் பெருமளவு சரியாகும். ஒரே முன்மாதிரிக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தில் இதைக் கண்டுபிடிக்கவே வாய்ப்பில்லை. மோட்டார்த் திட்டம் எதுவாயினும் மூன்று முன்மாதிரிகளுக்கும், மோட்டாரின் முறுக்குவிசையை அளக்கும் டைனமோமீட்டரின் வாடகைக்கும் சேர்த்தே ஒப்புதல் தாருங்கள்.

மின்னேற்றிக்கு நாங்கள் சொல்ல வேண்டியது சுருக்கம். இலகு வாகனங்களுக்கான நம் சொந்த இணைப்பி 2023-இல் இந்தியத் தரமாகிவிட்டது, புதிய இணைப்பி வடிவமைக்கப் பணம் தர வேண்டாம். வெயிலில் 45 டிகிரியில் முழுத்திறன் குறையாமல் நிற்பதும், கிராமத்து மின்கம்பியில் மின்னழுத்தம் இறங்கும்போது அணைந்துபோகாமல் இருப்பதும், புழுதி அடைத்த விசிறியும்தான் ஆராய வேண்டியவை.

பாதுகாப்புச் சோதனை வேறு கதை. 2022 கோடையில் ஸ்கூட்டர்கள் எரிந்தபின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.-156 தரம் திருத்தப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் பற்றினால் பேட்டரி முழுக்கப் பரவுகிறதா என்று பார்க்கும் சோதனை ஒவ்வொன்றும் ஒரு பேட்டரியை அழிக்கும். ஒரு வடிவமைப்பைத் தேற்ற ஐந்தாறு பேட்டரி எரிய வேண்டியிருக்கும். "அழிக்கப்படும் மாதிரிகள்" என்ற செலவுத் தலைப்பு இல்லாததால் ஆய்வாளர்கள் எரிக்காமலேயே கணினி மாதிரியோடு நின்றுவிடுகிறார்கள். பி.எம். இ-டிரைவில் சோதனை நிலையங்களை மேம்படுத்த 780 கோடி இருக்கிறது. புணே, மானேசர், ஒரகடம் நிலையங்களின் நேரத்தில் ஒரு பங்கை மானியத் திட்டங்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கும்படி கனரகத் தொழில் அமைச்சகத்தோடு பேசுங்கள்.

தொழில் நிறுவனம் பங்களிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் காசோலையைவிட அவர்களிடமுள்ள களத்தரவு மதிப்பு மிக்கது. சாலையில் ஓடும் நூறு வண்டிகளின் செல் மின்னழுத்தம், மின்னோட்டம், குறைந்தது நான்கு இடங்களின் வெப்பம், ஓடும்போதும் ஏற்றும்போதும் நொடிக்கொருமுறை, ஓராண்டுக்கு. வண்டி எண்ணும் உரிமையாளர் விவரமும் நீக்கித் தந்தால் போதும். அதைப் பங்களிப்பாக ரூபாயில் மதிப்பிட ஒரு வழிமுறையை எழுதுங்கள். இதேபோல மானியம் பெறும் ஆய்வுக்கூடங்களும் தோற்றுப்போன செல்களின் மூலத்தரவை ஒளிக்காமல் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். ஒரு பூச்சுமுறை தோற்றது என்று தெரியாமல் அடுத்த ஊரில் அதையே மறுபடி செய்வது பொதுப்பணத்தை இரண்டுமுறை எரிப்பது.

கடைசியாக மார்ச் 31. ஆண்டுக்குள் செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதியாகிறது. ஜனவரியில் ஆர்டர் போட்ட வெப்ப அறை ஜூலையில்தான் வரும் என்பதற்காக அதன் பணத்தை இழந்து, அடுத்த தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, தணிக்கை முடிந்து, மீண்டும் ஒதுக்கீடு வர செப்டம்பர் ஆகிவிடும். இடையில் மாணவருக்கு உதவித்தொகை நிற்கும். 208 நாள் சோதனை 150-ஆம் நாளில் ஆளில்லாமல் போகும். ஆர்டர் உறுதியான தொகையைச் செலவாகவே கருதி அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதியும், சம்பளம் மற்றும் மின்கட்டணத்துக்கு ஆறு மாத முன்பணமும் கொடுக்க நிதி அமைச்சகத்திடம் விலக்கு கேளுங்கள். 50,000 கோடி இலக்கோடு ஒரு தனிச் சட்டத்தின் கீழ் பிறந்த அமைப்பு இதைக் கேட்கலாம்.

அடுத்த அழைப்பை வெளியிடும் முன், வரைவை ஆய்வுக்கூடங்களுக்கு முப்பது நாள் முன்னதாக அனுப்பி வையுங்கள். சேனல் எண்ணிக்கை, உலர் அறை மின்சாரம், எரிக்கப்படும் பேட்டரிகள், முன்மாதிரிகள் ஆகிய தலைப்புகள் செலவுப் படிவத்தில் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செல், மோட்டார், மின்னேற்றி ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும்